குமட்டல் நின்ற காலை

எங்கள் மலைப்பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. புகையிலை வயலில் பிறந்து வளர்ந்தவரை இலை பிடிக்காது, அதாவது அதன் காட்டம் தலைக்கு ஏறாது என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த மருமகளைப் பிடிக்கும், லீவுக்கு வந்த பட்டணத்துப் பிள்ளையைப் பிடிக்கும். அவர்கள் பனி நனைந்த இலையை ஒடித்த கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்து, தலை சுற்றி, வரப்பில் உட்கார்ந்து ஓங்கரிப்பார்கள். பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் மோர் கொடுப்போம். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்தவள் வாந்தி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம் ஆனவளாக இருந்தால் கண்ணடிப்பார்கள். ஆகாதவளாக இருந்தால், ஐயோ, அவள் கதி அவ்வளவுதான்.

நெஜ்மியே இந்த மண்ணில் பிறந்தவள். நடக்கப் பழகும்போதே அவள் கையில் இலை இருந்தது. அந்தக் கோடையில், விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மாமியாரோடு வயலில் இறங்கி, ஒரு வரிசை முடிப்பதற்குள் அவளுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. வரப்புக்கு ஓடிப்போய்க் குனிந்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது, பிறகு மஞ்சள் தண்ணீர் வந்தது, பிறகு ஒன்றுமே இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தது. நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

பின்னால் வந்த மாமியார் ஷெரிபே ஒடித்த இலையைக் கூடையில் போட்டுவிட்டு, விளக்கை மருமகளின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"நல்லா வந்துச்சா?"

"குடலே வெளிய வந்துரும்போல இருக்கு அத்தே."

"வரட்டும், வரட்டும். அல்லா காப்பாத்துனான். புள்ள கெட்டியா இருக்குன்னு அர்த்தம்."

இரண்டு பெண்களும் எதற்காக ஒரு வாந்திக்கு இப்படிக் கும்மாளம் போட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. நெஜ்மியேவுக்கு இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. இரண்டும் கோடையில்தான். இரண்டு தடவையும் முதலில் மசக்கை பலமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் குமட்டல் பட்டென்று நின்றது. 'அப்பாடா, விட்டது சனியன்' என்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த வாரமே ரத்தம் பட்டுவிட்டது. இரண்டாவது தடவை குளியலறைத் தரையில் உட்கார்ந்து அவள் போட்ட கூச்சல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டது. வாந்தி இருந்தால் குழந்தை இருக்கிறது. வாந்தி நின்றால் குழந்தை போய்விட்டது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தன் உடம்பே சொன்னது என்று நம்பினாள். உடம்பு சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

கணவன் ரெம்ஸி நெதர்லாந்தில் தக்காளித் தோட்டத்தில் வேலை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி பறிக்கிறான். வசந்தத்தில் ஊருக்கு வந்துவிட்டுப் போனவன், இலை முற்றும் சமயத்தில் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தான். அவனுக்குப் போனில் சொன்னபோதுகூட நெஜ்மியே "முழுகாம இருக்கேன்" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். "வாந்தி எடுக்குறேன்" என்றாள். அவனும் புரிந்துகொண்டு, "நிறைய எடுக்குறியா?" என்று கேட்டான். "நிறைய" என்றாள். "நல்லது" என்றான். பாவம், அவனுக்கும் அதே கணக்குதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் வரப்பில் கால் பிசகி விழும் வரைக்கும். கணுக்கால் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. ஷெரிபே முணுமுணுத்துக்கொண்டே முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக் கட்டி, "வீட்டுலயே கெட. இலையை ஊசியில கோக்குற வேலைகூட வேணாம். சாயங்காலம் நானே கோத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் காலையில் லேசாகக் குமட்டியது. மறுநாள் அதுவும் இல்லை.

நெஜ்மியே கண் விழித்து, அசையாமல் படுத்து, குமட்டல் வருவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். வரவில்லை. தொண்டை சுத்தமாக இருந்தது, தலை தெளிவாக இருந்தது, வயிறு பசித்தது. பசி! நொண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை எண்ணெயில் போட்டு அந்த வாசனையை மூக்கால் இழுத்தாள். போன வாரம் நினைத்தாலே புரட்டிய வாசனை அது. இப்போது வாயில் எச்சில் ஊறியது. ஆட்டுப் பாலாடைக்கட்டியை எடுத்து மோந்தாள். அதையும் தின்ன வேண்டும்போல இருந்தது. தின்றுவிட்டாள். தின்றது தங்கிற்று. தங்கியதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

அன்றைக்கு முழுக்க அவள் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் துணியைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. போன தடவையும் முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு, கட்டிலில் சுருண்டு, கையை வயிற்றில் வைத்து, "இருக்கியா? இருந்தா என்னை ஒரு தடவ குமட்ட வையேன்" என்று கெஞ்சினாள். நாமெல்லாம் கடவுளிடம் எதை எதையோ கேட்கிறோம். அவள் ஒரு வாந்தி கேட்டாள். அதுகூடக் கிடைக்கவில்லை.

ஷெரிபே திரும்பி வந்ததும், பச்சைத் தக்காளியை நறுக்கி, கையில் ஒட்டியிருந்த இலையின் கறுப்புப் பிசினைத் தேய்த்துக் கழுவியபடியே கேட்டாள்.

"எடுத்தியா?"

"இல்ல."

தக்காளி தேய்த்த கை நின்றது. "ஒண்ணுமே இல்லையா?"

"பசிக்குது அத்தே."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விரிப்பைப் போட்டுத் தொழ ஆரம்பித்துவிட்டாள். தொழுகை நேரமே இல்லை அது. அதைப் பார்த்ததும் நெஜ்மியேவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

மறுநாள் விடியுமுன் அவள் தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டில் தனியாகப் படுத்து வயிற்றோடு மல்லுக்கட்ட அவளால் முடியவில்லை. ஷெரிபேவும் தடுக்கவில்லை. அன்றைக்குப் பனி கொட்டியிருந்தது. செடிகள் குளித்துவிட்டு நிற்பது மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. முழங்கை வரை நனைந்து, மார்பு நனைந்து, ஒடித்த இலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னேறினாள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் நாக்கின் அடியில் எச்சில் சுரந்தது. காது அடைத்தது. அவள் இலையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள்.

"வந்துருச்சு!" என்று கத்தினாள். "அத்தே! வந்துருச்சு!"

ஷெரிபே ஓடிவந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் வாந்தி எடுக்க, மாமியார் அழ, பக்கத்து வயலிலிருந்து குல்டேன் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி அங்க கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டாள்.

அதன்பின் நெஜ்மியே ஒரு நாள் தவறவில்லை. கால் வலித்தாலும் போனாள், காய்ச்சல் வரும்போல இருந்தாலும் போனாள். பனி அதிகமான பள்ளத்து வரிசைதான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அங்கேதான் சீக்கிரம் குமட்டும். குமட்டியதும் மனம் அடங்கும். அன்றைக்குக் குழந்தை இருக்கிறது என்று உறுதியாகிவிடும். பிறகு மத்தியானத்திலிருந்து மறுபடி பயம் மெல்ல ஏறும், மறுநாள் விடியும் வரை ஏறிக்கொண்டே இருக்கும். குடிகாரனுக்குக் காலையில் கை நடுங்குவது மாதிரி அவளுக்கு அந்த வரிசையில் போய் நிற்கும் வரை உடம்பு நடுங்கியது.

ரெம்ஸி சொன்னபடி வந்து சேர்ந்தான். வந்த மறுநாளே, 'நீ ஓய்வெடு' என்று அம்மா சொல்லியும் கேட்காமல், வயலில் இறங்கினான். மனைவியின் பக்கத்து வரிசையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பழைய வேகத்தில்தான் ஒடித்தான். "கை மறக்கல பாத்தியா?" என்று பெருமை வேறு. அப்புறம் பேச்சு நின்றது. நெஜ்மியே திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. உதட்டிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. அவன் தள்ளாடிப் போய், அவள் தினமும் குனிகிற அதே வரப்பில் குனிந்தான்.

குல்டேன் அக்காவுக்கு அல்வா கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

"அடேய் ரெம்ஸி! எத்தனாவது மாசம்டா?"

வயலெங்கும் சிரிப்பு. "மாங்கா இங்க கெடைக்காது, புளிச்ச பிளம்ஸ் கொண்டாரட்டுமா?" என்று அவள் விடவில்லை. "பொண்டாட்டிய மட்டும் கஷ்டப்பட விடக் கூடாதுன்னு நீயும் முழுகாம வந்துட்டியா? நல்ல புருஷன்டா நீ!"

நெஜ்மியேவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய் அவன் முதுகைத் தடவி, "என்னடா, வெளியூர்க்காரன் ஆயிட்டியா? இலை உன்னைப் பிடிக்குதா?" என்றாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்: "ஊருல இருந்தப்பவும் பிடிக்கும்."

"உன்னையா? நீ இங்க பொறந்தவன்தானே?"

"அதனால? பனி ஜாஸ்தியா இருந்தா எடுத்துருவேன். செடி மறைவுல போயி எடுத்துட்டு, வாயத் தொடச்சிக்கிட்டு வந்துருவேன். வெளிய சொன்னா சிரிப்பாங்கல்ல. நான் மட்டுமா? எங்கப்பாவும் எடுப்பாரு. ஒரு நாள் கையும் களவுமா பாத்தேன், அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சட்டையைப் பிடிச்சாரு."

நெஜ்மியேவின் கையிலிருந்த செம்பு சாய்ந்து மோர் மண்ணில் ஊற்றியது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தச் சுண்ணாம்பு நிறம், அந்த எச்சில் நூல், அந்தக் குளிர்ந்த வேர்வை. எல்லாம் அவளுக்கு வருவதேதான், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இவன் வயிற்றில் குழந்தையா இருக்கிறது?

அப்படியானால் வீட்டில் படுத்திருந்த நாளில் நின்றது எது? வயலுக்கு வந்ததும் திரும்பியது எது? தன் வயிற்றில் இருந்து யாரோ பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தினமும் மண்டியிட்டாளே, பதில் சொன்னது இந்த இலையா? அப்படியென்றால் உள்ளே ஒருவரும் இல்லையா? என்றைக்கோ போய்விட்டதா? செத்த குழந்தையைச் சுமந்துகொண்டா இத்தனை நாள் சிரித்துக்கொண்டு திரிந்தாள்? சுற்றிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பது மாதிரி கேட்டது.

"ரெம்ஸி, என்னைக் கர்ஜலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"என்னாச்சு? வலிக்குதா?"

"வலிக்கல. அதான் பயமா இருக்கு. கூட்டிட்டுப் போ."

ஷெரிபே குறுக்கே வந்தாள். "இலை மஞ்சளாகி நிக்குது, ரெண்டு பேரும் எங்க கெளம்புறீங்க? நேத்துக்கூட நல்லா எடுத்தாளே! நல்லாத்தானேடி எடுத்த?" நெஜ்மியே ரெம்ஸியின் காருக்கு நடந்தாள். கைப் பிசினைக்கூடக் கழுவவில்லை.

வழியில் ரெம்ஸி இரண்டு தடவை வண்டியை நிறுத்தி ஓரத்தில் வாந்தி எடுத்தான். இரண்டு தடவையும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் யாங்கோவா என்று ஒரு அம்மாள், களைத்த முகம், அதிகம் பேசாதவள். நெஜ்மியேவின் கறுத்த கைகளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினாள். திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். கருவியை நகர்த்தினாள், மறுபடி அழுத்தினாள். நெஜ்மியே டாக்டர் முகத்தில் ஒரு சதை அசைந்தால்கூடத் தெரிந்துகொள்ளலாம் என்று கண்கொட்டாமல் பார்த்தாள். அசையவில்லை. 'சொல்லித் தொலையேன்' என்று கத்த வேண்டும்போல இருந்தது.

டாக்டர் திரையைத் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு குழப்பம். அதன் நடுவில் ஒரு சின்னப் பொட்டு விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"இதயம்" என்றாள் டாக்டர்.

நெஜ்மியேவுக்கு அழுகைகூட வரவில்லை. ரெம்ஸிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்: முன்னே போன இரண்டு, நின்றுபோன குமட்டல், பள்ளத்து வரிசை. டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "மசக்கைங்கறது கர்ப்பத்துல ரத்தத்துல சேருற சுரப்புகளால வர்றது. சிலருக்கு ரொம்ப இருக்கும், சிலருக்குத் துளிகூட இருக்காது. இல்லாதவங்களும் நல்லா புள்ள பெக்குறாங்க. வாந்தியை மட்டும் வெச்சுக் குழந்தைய எடை போட முடியாதும்மா. ஆனா உனக்கு வயல்ல வர்றது பெரும்பாலும் மசக்கையே இல்ல. நனைஞ்ச இலையில இருக்குற விஷம் தோல் வழியா உள்ள போகுது. உனக்குப் போனா அதுக்கும் போகும்" என்றாள்.

"அப்ப முன்னாடி போன ரெண்டும்?"

டாக்டர் பேனாவை மூடினாள். "தெரியாது. கலையறதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இனிமே இலையைத் தொடாதே. அதைத்தான் என்னால சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் ஷெரிபே வாசலிலேயே மறித்தாள். நடந்ததை ரெம்ஸி சொன்னான். இதயம் துடிக்கிறது என்றதும் அவள் முகம் மலர்ந்தது. இலை என்றதும் சுருங்கியது.

"யாருடா அவ? எங்கம்மா பறிச்சா, அவ அம்மா பறிச்சா, நான் பறிச்சேன். இலை நம்மள என்ன பண்ணும்? அந்த டாக்டரம்மா வயலையாவது பாத்திருக்காளா?"

"அம்மா, நான் எடுத்தேனே இன்னைக்கு. அப்பாவும் எடுப்பாரு."

"உங்கப்பாவா? அந்த மனுஷன் ஒரு நாளும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். எதையோ நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"போன ரெண்டுக்கும் அதான் காரணமாமா?"

"தெரியாதுன்னாங்க அத்தே. யாராலயும் சொல்ல முடியாதாம்."

"ரெம்ஸிக்கு முன்னாடி எனக்கு மூணு போச்சு" என்றாள் ஷெரிபே. மகனுக்கே அது தெரியாது. அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "மூணும் கோடையில. எம் மாமியா சொன்னா, நல்லா குமட்டுது, புள்ள கெட்டின்னு. நானும் சந்தோஷமா ஒடிச்சேன். இவன் மட்டும் குளிர்காலத்துல வயித்துல தங்குனான். வயல்ல அப்ப இலையே கெடையாது." அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியும் முன்பே நெஜ்மியேவுக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ரெம்ஸி இல்லை, அவன் முன்பே வயலுக்குப் போயிருந்தான். வயிறு அமைதியாக இருந்தது. குமட்டல் இல்லை, தலை சுற்றல் இல்லை, ஒன்றுமே இல்லை. டாக்டர் சொன்னது நினைவிருந்தது, திரையில் துடித்தது கண்ணில் இருந்தது. ஆனால் அது நேற்று. இன்றைக்கு? இந்த நிமிஷம் துடிக்கிறதா? யாரிடம் கேட்பது? வயிறு வாயே திறக்கவில்லை. பள்ளத்து வரிசையில் போய் நின்றால் போதும், விடிவதற்குள் குமட்டிவிடும். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய் வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரிசை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு முற்றத்தைத் தாண்டி வாசல் கதவை இழுத்தாள்.

திறக்கவில்லை. வெளிப்பக்கம் சங்கிலி போட்டிருந்தது.

"அத்தே!" அவள் கதவை உலுக்கினாள். "அத்தே, தெறங்க! எனக்கு மூச்சு முட்டுது. ஒண்ணுமே வரல அத்தே, உள்ள ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு!"

தெருவில் கூடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஷெரிபே இன்னும் போகவில்லை. கதவுக்கு மிக அருகில் வந்து நின்று பேசினாள்.

"தெறக்க மாட்டேன். கத்தி ஊரைக் கூட்டினாலும் தெறக்க மாட்டேன்."

"பயமா இருக்கு அத்தே!"

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே உள்ள கெட. நான் பயமே இல்லாம இருந்தேன்டி, மூணு போச்சு."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்கும் சத்தம் இறங்கிப் போயிற்று. நெஜ்மியே கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை, ஒரு குமட்டலும் இல்லை. வயல்களில் விளக்குகள் நகர ஆரம்பித்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை.